கோதிக் வேண்டும், கூலி வேண்டாம்

1864 ஏப்ரலில் பிராட்ஃபோர்டு கம்பளி வியாபாரிகள் ஜான் ரஸ்கினை மேடையேற்றினார்கள். இங்கிலாந்தின் பெரிய கலை விமர்சகர். கம்பளிச் சந்தைக்கு மாளிகை கட்டப்போகிறோம், எந்தப் பாணி தேவலை என்று கேட்டார்கள். அழகையும் கஜக்கணக்கில் வாங்கலாம் என்ற நம்பிக்கை.

உங்கள் மாளிகையில் எனக்கு அக்கறையில்லை, ஏனென்றால் உங்களுக்கே இல்லை என்று ஆரம்பித்தார் ரஸ்கின். நீங்கள் நிஜமாகக் கும்பிடுவது 'முன்னுக்கு வரும்' தேவியை, அவளுக்கே கோயில் கட்டுங்கள் என்றார். சுவரின் மேல்வரிசையில் பணப்பைகளைத் தொங்கவிடச் சொன்னார். தூண்களுக்கு அடி அகலமாக இருக்கட்டும், விளம்பரம் ஒட்டத் தோது என்றார்.

வியாபாரிகளுக்கு உறைத்ததா? ரஸ்கின் புகழ்ந்த வெனிஸ் கோதிக் பாணியிலேயே மாளிகை எழுப்பினார்கள். சுவரில் கொலம்பஸுக்கு முகம். பிரதமர் பாமர்ஸ்டனுக்கு முகம். ஆலை முதலாளி டைட்டஸ் சால்டுக்கு முகம். கம்பளி தரம்பிரித்தவர்களை அந்த ஊரில் ஒரு நோய் கொன்றது. நோய்க்கு அவர்கள் தொழிலின் பெயரை வைத்தார்கள். சுவரில் அவர்களுக்கு இடம்தான் இல்லை.

தூணும் வளைவும் பேசியவரை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்த மேடைக்கு நாலு வருடம் முன்பு, 1860இல், அவர் கூலியைப் பேசினார். சிப்பாய் கடமைக்காகச் சாவான், மருத்துவர் கொள்ளைநோயிலும் ஓடமாட்டார். வியாபாரி எதற்காக உயிரைக் கொடுப்பான்? கூலி சந்தையின் இஷ்டத்துக்கு ஆடக் கூடாது, நிலையாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டார். கூச்சல் கிளம்பியது. 'கார்ன்ஹில்' இதழ் நாலாவது கட்டுரையோடு தொடரை ஏறக்கட்டியது. ஆசிரியர் தாக்கரே. மேட்டுக்குடிப் போலித்தனத்தைக் கிண்டலடித்தே பெயர் வாங்கிய நாவலாசிரியர்!

கட்டுரைகள் 1862இல் நூலாயின. முன்னுரையில் ரஸ்கின் அரசுப் பள்ளிகள் கேட்டார். ஆரோக்கியம், கனிவும் நேர்மையும், பிழைக்க ஒரு தொழில், இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அதே ஆண்டு அரசாங்கம் கொண்டுவந்தது தேர்ச்சிக்கேற்ற மானியம். இன்ஸ்பெக்டர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு. ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. பசி மயக்கத்தில் தவறினாலும் அதே வெட்டு. தரமாக இல்லாவிட்டால் மலிவாகவாவது இருக்கும் என்று நாடாளுமன்றத்தில் மார்தட்டினார் இதைக் கொண்டுவந்த ராபர்ட் லோ. அந்த மலிவு ஏழைப் பிள்ளைக்கு மட்டும். பணக்காரப் பிள்ளைகள் படித்த ஈட்டன் பள்ளிக்கு அந்த இன்ஸ்பெக்டர் போகவில்லை.

ரஸ்கினையும் சும்மா விடுவதற்கில்லை. 1865இல் ஜமைக்காவில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்க, ஆளுநர் எயரின் படைகள் 400க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைக் கொன்றன. எயரைக் காப்பாற்றத் திரண்ட நிதிக்கு ரஸ்கின் 100 பவுன் கொடுத்தார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். அவருடைய நியாயத்துக்கும் ஒரு நிறம் இருந்தது.

1872இல் அவர் பத்திரிகைக்கு எழுதினார்: தம் எழுத்தைப் பார்த்து முளைத்த போலி கோதிக் வீடுகளும் மதுக்கடைகளும் தம்மை வீட்டைவிட்டு விரட்டுகின்றன என்று. ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியவரிடமிருந்து ஊர் எடுத்துக்கொண்டது சாராயக்கடை வாசலுக்கு ஒரு வளைவு. அதில் வியப்பென்ன? அறிஞர் பேச்சைக் கல்லில் பதித்தால் செலவு ஒருமுறைதான். கூலியில் பதித்தால் வாராவாரம் கொடுக்க வேண்டுமே!