கந்தலுக்கும் காத்திருக்கணும் பேத்தி

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போறியாமே பேத்தி, கேள்விப்பட்டேன். ரொம்ப நல்ல விசயம். அதுக்காக விருத்தாசலம் கடைவீதிக்குப் போயி ஆறு தினுசுல புதுத்துணி எடுத்தாந்திருக்கியாம்னு ஒம் மாமியா சொன்னா. புதுத்துணிய மீட்டர் கணக்குல வாங்கி, துண்டு துண்டா நறுக்கி, மறுபடியும் ஒண்ணாச் சேத்துத் தைக்கிறது சாமானிய வித்தை இல்ல. துணிக்கடைக்காரனுக்கு லாபம், நூல் விக்கிறவனுக்கு லாபம், கத்திரி சாணை புடிக்கிறவனுக்கும் லாபம். இத்தனை குடும்பத்தை வாழவைக்கிற மகராசிய நான் எதுக்குத் தடுக்கணும்? நல்லா வெட்டு தாயி.

இருந்தாலும் இந்தக் கடலூரு மாவட்டத்து மங்களூர்ல மிசின் மிதிச்சே மொழங்கால் தேஞ்ச கெழவன் நான். எங்கிட்ட அளவு குடுத்த பயலுவ எல்லாம் இப்ப ரெடிமேடு சட்டையில, தோள்பட்டை முழங்கைக்கு எறங்கிக் கெடக்க, கல்யாணத்துக்குப் போறானுவ. அதனால எனக்குப் பொழுது நெறைய இருக்கு. கேட்டாலும் சரி கேக்காட்டியும் சரி, சொல்லிட்டுத்தான் போவேன்.

மொதல்ல ஒங்க வூட்டுப் பரண்ல ஏறு. ஒம் மாமியாவோட மாமியா தைச்ச போர்வை ஒண்ணு அங்க சுருட்டிக் கெடக்கும். எலிப் புழுக்கைய உதறிட்டு வெளிச்சத்துல விரிச்சுப் பாரு. ஆறு கெஜச் சேலைய மூணா மடிச்சா ஆறடி நீளம், நாலடிக்குக் கிட்ட அகலம். ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கக் கச்சிதம். இப்படி மடிச்ச சேலைமேல இன்னொரு மடிச்ச சேலை, நடுவுல பழைய வேட்டி, கிழிஞ்ச பாவாடை, யாரோட காக்கி டவுசரோ ஒண்ணு. எல்லாத்தையும் ஒரு வெரக்கடை எடவெளியில ஓட்டுத்தையல் போட்டு இறுக்கியிருப்பா. ஒரு மூலையில வெள்ளை நூலு நின்னு போயி சேப்பு நூலு ஆரம்பிச்சிருக்கும். அது டிசைன்னு நெனச்சு போட்டோ புடிச்சிப்புடாத. அன்னிக்கி வெள்ளை நூல்கண்டு தீந்துபோச்சு, அவ்வளவுதான்.

இன்னும் கிட்டப் போயிப் பாரு. கழுத்துப் பக்கம் மேல்துணி தேஞ்சு, உள்ள இருக்கிற கட்டம் போட்ட சேலை எட்டிப் பாக்கும். அதுவும் தேஞ்ச எடத்துல நீலக் கரை தெரியும். எம்ஜிஆரு 1983ல பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை குடுக்க ஆரம்பிச்சாரே, அந்த மாதிரி நூல் சேலையாத்தான் இருக்கும். அந்தச் சேலைங்களக் கட்டுனதவிட மத்த வேலைக்கு எடுத்துக்கிட்டதுதான் அதிகம். தூளி கட்டுனாங்க, வடகம் காய வச்சாங்க, எள்ளு ஒலத்துனாங்க, தேஞ்சப்புறம் போர்வைக்குள்ள திணிச்சாங்க. மேல நல்ல துணி, உள்ள கந்தல். மனுசனுக்கும் துணிக்கும் அதுல ஒத்துமை உண்டு, அத வுடு.

இப்ப ஒன் பீரோவத் தொற. இருவது சேலை இருக்கும், இல்ல இருவத்தஞ்சு. ஒண்ணாச்சும் கந்தலாயிருக்கா? ஆவாது. சேலைத் தலைப்புல நூல் ஒண்ணை உருவி தீக்குச்சியில காட்டு. பருத்தியா இருந்தா காயிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாப் போவும். ஒன்னோடது அப்படி எரியாது. சுருண்டு உருகி, ஆறுனப்புறம் கறுப்பா ஒரு மணி மாதிரி கெட்டியாயிடும். அது பாலியஸ்டரு. தேயாது, நையாது, வேர்வையும் உறிஞ்சாது. ஒம் பேத்திக்குப் பேத்தி வந்தாலும் அப்படியே பளபளன்னு இருக்கும். அதுல போர்வை தைச்சா ராத்திரி நீ ஒருபக்கம் போவ, போர்வை ஒருபக்கம் வழுக்கிக்கிட்டுப் போவும்.

கேலி என்னான்னா, நம்ம மங்களூரு நல்லூரு வட்டாரத்துல கொல்லை நெறைய பருத்தியும் மக்காச்சோளமும்தான். தை மாசி ஆனா வெரல் நுனி கீற கீற பருத்தி எடுக்கிறோம். மூட்டை கட்டி விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டிக்கு ஏத்தி அனுப்பிட்டு, அந்தக் காசுல பாலியஸ்டர் சேலை வாங்கிக்கிட்டு வர்றோம். கொல்லையில பருத்தி, கொடியில பாலியஸ்டரு. பொம்பளைங்களுக்கு சோம்பல் வந்துபோச்சு, அதான் போர்வை தைக்கிறதில்லன்னு சில பெருசுங்க பேசும். நம்பாத. நைய வேண்டிய துணி நையாம நின்னுகிட்டா, எதைப் போட்டுத் தைக்கிறது?

மிச்சம் மீதி இருந்த நூல் சேலையையும் இன்னொருத்தன் வந்து கொண்டுக்கிட்டுப் போயிடுறான். ‘பழைய துணிக்குப் பாத்திரம்’னு தெருவுல கூவுறவனைத்தான் சொல்றேன். ஒம் மாமியா அவனைக் கண்டா போதும், சிட்டாப் பறப்பா. நாலு சேலை, ரெண்டு வேட்டி, ஒரு பேண்டு குடுத்து ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை வாங்குனா. அந்தக் கூடை அடுத்த கோடைக்குள்ள வெயில்ல வெடிச்சுப் போச்சு. அதை இப்ப பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு வெங்காயம் வாங்கிட்டா. சேலை கூடையாச்சு, கூடை வெங்காயமாச்சு, வெங்காயம் சாம்பாராச்சு. நீ எங்கேர்ந்து போர்வை தைப்ப?

கவலைப்படாத, ஒரு பொதையல் இருக்கு. விசேசத்துக்கு விசேசம் வெத்திலை பாக்கோட வச்சுக் குடுக்குறாங்களே ரவிக்கைத் துணி, அது ஒங்க வூட்டு டிரங்குப் பொட்டி நெறைய கெடக்கும். யாரும் தைச்சுப் போட மாட்டாங்க. மஞ்சநீராட்டுல வந்தது வளைகாப்புல போவும், வளைகாப்புல வந்தது பதினாறாம் நாள்ல போவும். ஒரு பச்சைத் துணிய நான் பாத்தேன் பேத்தி. மடிப்புல மஞ்சக் கறை பட்டு எலை மாதிரி ஒரு அச்சு. கீழத்தெருவுல கெளம்புன அது, தொழுதூரு, சிறுபாக்கம், வேப்பூருன்னு சொந்தக்காரங்க வூடெல்லாம் சுத்திட்டு, கெளம்பின வூட்டுக்கே சீரா வந்து எறங்குச்சு. வாங்கி வச்சுக்கிட்டவ மூஞ்சியப் பாக்கணுமே. அந்தத் துணிங்களை எல்லாம் எடுத்து வெட்டிப் போர்வையாக்கு. ஊர்ல நாலு விசேசம் நின்னுபோனாலும் போவும், நமக்கென்னா. ஒண்ணு மட்டும் பாத்துக்க, அதுலயும் பாதி பாலியஸ்டர்தான். தீக்குச்சிய மறந்துடாத.

ஒட்டுப்போட்டதைப் போத்திக்கிட்டா ஊரு சிரிக்கும்னு ஒம் புருசன் மொறைக்கிறானாமே. அவங்கிட்ட சொல்லு, நம்ம ஊரே ஒட்டுத்துணிதான். தென்னாற்காடுன்னு முழுசா ஒரு மாவட்டம் இருந்துச்சு. 1993ல அதைக் கிழிச்சு கடலூரு தனி, விழுப்புரம் தனின்னாங்க. மங்களூருன்னு ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருந்துச்சு. 2008 மறுவரையறையில அதைப் பிரிச்சுப் போட்டு, 2011 தேர்தல்லேர்ந்து திட்டக்குடின்னு பேரு வச்சுத் தைச்சுட்டாங்க. நம்மளை அளவு எடுத்தாங்களா, ஓரம் மடிச்சாங்களா? அதுக்கெல்லாம் கூசாம ஓட்டுப் போட்டவன், போர்வைக்கு மட்டும் கூச்சப்படுவானாக்கும்.

எம் பேரன் போன்ல ஒண்ணு காட்டுனான். அமெரிக்காவுல அலபாமான்னு ஒரு சீமை, அதுல ஆத்து வளைவுல கீஸ் பெண்டுன்னு ஒரு ஊரு. அடிமையா பருத்தி எடுத்த கறுப்பினத்துச் சனங்களோட வாரிசுங்க இருக்கிற ஊரு. சுவத்து இடுக்குல குளிர்காத்து நொழையுதுன்னு, அந்த ஊருப் பொம்பளைங்க கிழிஞ்ச வேலைச் சட்டை, முட்டி போன பேண்டு, மூட்டைச் சாக்குன்னு கெடைச்சதை எல்லாம் சேத்துத் தைச்சுப் போத்திக்கிட்டாங்க. 2002ல அந்தப் போர்வைங்களக் கொண்டுபோயி ஹூஸ்டன் அருங்காட்சியகத்துலயும், அப்புறம் நியூயார்க்கு விட்னி அருங்காட்சியகத்துலயும் செவுத்துல மாட்டுனாங்க. 2006ல அதையே தபால்தலையாவும் போட்டுட்டாங்க. அவங்களும் பருத்திக்காட்டு சனம், நாமளும் பருத்திக்காட்டு சனம். அவங்க கந்தல் கண்ணாடிக்குள்ள தொங்குது. நம்ம கந்தல்ல நேத்து ஈன்ன வெள்ளாட்டுக்குட்டி படுத்திருக்கு. என்னைக் கேட்டா குட்டி படுத்திருக்கிறதுதான் போர்வைக்கு மரியாதை. செவுத்துக்கு என்னா குளிருதா?

தூரத்துக்குப் போவானேன், நம்ம கடலோரத்துக்கே வா. 2004 சுனாமி அடிச்சு, மீனவப் பொம்பளைங்க கடலைப் பாக்கவே பயந்து ஒக்காந்திருந்தப்ப, ஆரோவில்ல உபாசனான்னு ஒரு தையல் கூடத்துல அவங்க கையில வெட்டுத்துணியும் ஊசியும் குடுத்து பொம்மை செய்யச் சொன்னாங்க. கட்டை வெரல் அளவுக்கு ஒரு பொம்மை, ‘சுனாமிகா’ன்னு பேரு. 2005லேர்ந்து லச்சக்கணக்குல ஒலகம் பூரா போயிருக்கு. அதுக்கு வெலை கெடையாது, அன்பளிப்பாத்தான் குடுப்பாங்க. நீயும் தைச்சுட்டு வெலை போடாத தாயி. போட்டியோ, ஒம் மாமியா கமிசன் கேப்பா.

சரி, தைக்கத்தான் போறேன்னு நிக்கிறியே, வேலையச் சொல்றேன். சேப்புத் துணியையும் கருநீலத்தையும் மொதநாளே தண்ணியில ஊறப்போடு, அலசுற தண்ணி நெறம் மாறாம வர்ற வரைக்கும் அலசு. சாயம் கக்குற துணிய அப்படியே வச்சுத் தைச்சா, மொத தொவையல்லயே போர்வை பூரா கருமாதிக் களை வந்துடும். பருத்தியோட டெரிகாட்டனைச் சேக்காத. ஒண்ணு சுருங்கும் ஒண்ணு சுருங்காது, புருசம் பொண்டாட்டி மாதிரி மூஞ்சி கோணிக்கும். திருப்பூர்லேர்ந்து கிலோ கணக்குல வருதே பனியன் வேஸ்ட்டு, அதையும் தொடாத. அது லாரி செட்டுல கிரீசு தொடைக்கத்தான் லாயக்கு, ஊசி பட்டதும் இழுபட்டுப் போவும். துணிய நேர்நூல்ல வெட்டு. கிராசா வெட்டுனா சதுரம்னு நீ நெனச்சது சாய்சதுரமா வந்து நிக்கும். கால் அங்குலம் ஓரம் விடு. துணிய மிச்சம் புடிக்கிறேன்னு நூல் கணக்குல ஓரம் விட்டா, தையல் பிரிஞ்சு மிச்சமும் போவும் மொதலும் போவும்.

வெட்டுறப்ப துணி நவுராம இருக்கப் பாரம் வைக்கணும். அதையும் போன்ல பாத்து வாங்கிப்புடாத. நெய்வேலி சுரங்கத்து வெள்ளை மண்ணுல அகலு, பொம்மை, கரண்டு பியூசு கட்டைன்னு விருத்தாசலம் பீங்கான் பட்டறைங்கள்ல செய்யிறாங்கல்ல, சூளையில கோணிப்போன பியூசு கட்டை ரெண்டு ஒம் புருசனைக் கொண்டாரச் சொல்லு. அங்கதான வேலை பாக்குறான். அவன் கொண்டாந்த காது இல்லாத கப்புலதான ஒம் மாமியா மொளகா நாத்து வுட்டிருக்கா. இதுக்கு மட்டும் கை கூசுமா?

தையல் எங்க ஆரம்பிக்கிறதுன்னு ஒரு வழக்கு உண்டு. டெய்லருங்க நாங்க நடுவுலேர்ந்து வெளிய தள்ளிக்கிட்டே நூலோட்டுவோம், சுருக்கம் ஓரத்துக்குப் போயிடும். கர்நாடகாவுல, வடகன்னடத்துக் காட்டுப்பக்கம் சித்தி சனங்க இருக்காங்க, ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தவங்களோட வாரிசுங்க. அவங்க பொம்பளைங்க கவந்தின்னு போர்வை தைப்பாங்க. ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. கடைசியில நாலு மூலையிலயும் துணிய மடிச்சு அடுக்கி முக்கோணமா பூ வைக்கணும், பூ இல்லாத போர்வை அம்மணம்னு அவங்க கணக்கு. வங்காளத்துல அந்தக் காலத்துல காந்தான்னு பழஞ்சேலைப் போர்வை தைச்சவங்க நூலுகூட காசுக்கு வாங்கல, பழைய சேலைக் கரையிலேர்ந்தே கலர் நூலை உருவிக்கிட்டாங்க. பாத்தியா, நம்மளவிடப் பெரிய கஞ்சப்பிசுனாறிங்க எல்லாம் இருந்திருக்காங்க.

மிஞ்சுற நாடா நாடாவா இருக்கிற கிழிசலை வீசாத. அவரைக்கொடிய பந்தல்ல ஏத்திக் கட்ட அதுதான் வேணும். பிளாஸ்டிக் கயிறு காத்தடிச்சா தண்டை அறுத்துடும், பழந்துணி அறுக்காது. நீளமா இருந்தா சும்மாடு, சின்னதா இருந்தா கரித்துணி. ரொம்பச் சின்னதா இருந்தா தலகாணிக்குள்ள திணி, அதுல படுத்தா ஒம் புருசனுக்கு கனவாச்சும் கலரா வரும்.

ஒரே ஒரு ரகசியம், ஒம் மாமியா காதுல போடாத. அவ சேலைய உள்ள வச்சு, ஒன் சேலைய மேல வை. ஏன்டி என்னுது தெரியலன்னு கேட்டா, உள்ள இருக்கிறதுதான் அத்தை சூடே குடுக்குதுன்னு சொல்லு. குளுந்துபோவா. பதில் சொல்ல அவளுக்கு மார்கழி முடிஞ்சிடும்.

மொதப் போர்வை கோணத்தான் செய்யும் தாயி, எவ்வளவு பாத்துப் பாத்துத் தைச்சாலும். ஒரு மூலை ஏறும், ஒரு மூலை எறங்கும், நடுவுல பொம்மிக்கிட்டு நிக்கும். அதை புருசனுக்குப் போத்தினா நொட்டை சொல்லுவான். ஒரம்பரைக்குக் குடுத்தா ஊரு பூரா காட்டுவாங்க. பரண்ல போட்டா எலிதான் குடும்பம் நடத்தும். கோணலையெல்லாம் பாக்காம இழுத்துப் போத்திக்கிட்டுப் படுக்கிற ஆளா இருக்கணும், கண்ணும் செத்த மங்கலா இருந்தா ரொம்ப நல்லது. அப்படி ஒருத்தன் ஒங்க எதுத்த வூட்டுத் திண்ணையிலதான் படுக்கிறான். கால் கொஞ்சம் நீளம், அஞ்சே முக்கால் அடி இருப்பான், அளவு கரெக்டா குறிச்சுக்க. பட்டு பீதாம்பரம் எல்லாம் வேணாம், நூல் சேலையா இருந்தா போதும்.