நிலக்கோள்: தீர்த்தமலையில் கடல் வளர்த்தல் குறித்து ஓர் ஆய்வு

கடல்கோள் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பக்கங்களை அடுக்கினால் மூழ்கிய கண்டத்தை ஈடுகட்டிவிடலாம். இறையனார் களவியல் உரை சொன்ன முச்சங்கக் கதையில் தொடங்கி, 1864-ல் பிலிப் ஸ்கிலேட்டர் லெமூர்களின் பரவலை விளக்க முன்மொழிந்த லெமூரியாவை நம்மவர்கள் பட்டா போட்டுக்கொண்டது வரை, கடல் நிலத்தைக் கொண்ட வரலாற்றுக்குப் பஞ்சமில்லை. நிலம் கடலைக் கொண்ட வரலாற்றைத்தான் யாரும் தொடவில்லை. கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் பவளத்திட்டு வளர்க்கிறார்களே, அதுதான் நிலக்கோள். அந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை எழுந்தது. அப்படி ஒரு குறை இருப்பதை இதுவரை எவரும் உணரவில்லை என்பது ஆய்வுலகில் ஒரு தடையே அல்ல.

களம், தருமபுரி மாவட்டம் தீர்த்தமலை. அரூரிலிருந்து 16 கி.மீ. கடற்கரைக்கு நேர்கோடு போட்டு அளந்தாலும் 100 கி.மீ.க்கு மேல் வரும். இங்கே ஒருவர் உவர்நீர்த் தொட்டி வைப்பதாகக் கொள்வோம். ஆள் கற்பனை, அவருக்கு வரப்போகும் கரண்ட் பில் கற்பனை அல்ல. பண்டைக்காலத்தில் இங்கே கடல் தொட்டி இருந்ததைச் சொல்லும் கல்வெட்டு இல்லை. கல்வெட்டு இல்லையென்றால் அது அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டும் முறை நம்மிடையே நல்ல செல்வாக்குடன் இருப்பதால், தயங்காமல் மேலே செல்லலாம்.

முன்னோடிகளில் ஒன்றைச் சொன்னால் போதும். சென்னை மெரினாவில் 1909-ல் மீன் காட்சியகம் திறந்தார்கள். எதிரிலேயே கடல் இருந்தது. ஆகவே ஆய்வுச் சிக்கல் எதுவும் இல்லை. விட்டுவிடுவோம்.

திணைப்படி பார்த்தால் தொட்டி நெய்தல், மலை குறிஞ்சி. ஒழுக்கம் மயங்கலாம், இரண்டு நிலம் ஒரே இடத்தில் மயங்காது என்பது தொல்காப்பியர் விதி. தீர்த்தமலைத் தொட்டி அந்த விதியை நான்கு ரப்பர் புஷ்களின் மேல் நின்றுகொண்டு மீறுகிறது. நெய்தலுக்குரிய சிறுபொழுதான எற்பாடு மாலையா, காலையா என்று உரையாசிரியர்களுக்குள் இருந்த வழக்கும் தீர்ந்துவிட்டது: எல்.ஈ.டி. விளக்கின் டைமரை எத்தனை மணிக்கு வைக்கிறோமோ அப்போது.

இனித் தண்ணீர். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லும் எலும்பும் கெட்டுப்போன தலைமுறைகளுக்குப் பிறகு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஒட்டும். அதில் பெரும்பகுதி கால்சியம். பவளம் தன் கூட்டைக் கட்டக் கேட்பதும் அதே கால்சியம்தான். அப்படியானால் தொட்டிக்காரர் போர் தண்ணீரை அப்படியே ஊற்றுவார் என்று நினைப்பது பாமரர் கொள்கை. அவர் முதலில் ஆர்.ஓ. மெஷின் வாங்குகிறார். அதன் பின்னால் ரெசின் நிரப்பிய இன்னொரு குழாய் மாட்டுகிறார். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை தண்ணீரில் இருக்கும் உப்பையெல்லாம் உருவி எடுக்கிறார். ஒரு லிட்டர் தேறுவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போய்விடுகிறது (சான்று: வாசல் சாக்கடை, மறுப்பு: இல்லத்தரசி, வாய்மொழி, அன்றிரவு).

இவ்வளவு பாடுபட்டு உப்பை நீக்கிய தண்ணீரில், அடுத்து லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கொட்டுகிறார். 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் மேலும் 700 கிராம். துரத்திவிட்ட கால்சியம் இந்த உப்போடு காசுக்குத் திரும்பி வருகிறது.

இது பைத்தியம் அல்ல என்பதுதான் வேதனை. போர் தண்ணீரில் கால்சியத்தோடு நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா எல்லாம் என்ன அளவில் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பாஸ்பேட் ஏறினால் பாசி மண்டும். செம்பு இம்மி இருந்தாலும் இறால் செத்துப்போகும். சாப்பாட்டு உப்பும் ஆகாது. வெறும் சோடியம் குளோரைடு கடலாகிவிடாது. லிட்டருக்குக் கால்சியம் 420 மில்லிகிராம், மக்னீசியம் 1300 என்று கணக்கு இருக்கிறது. அதனால் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் தமிழ்நாட்டில், தூத்துக்குடியைத் தாண்டி, செங்கடலின் பெயர் எழுதிய வாளியில் உப்பு வருகிறது. சங்க காலத்தில் உமணர்கள் வண்டி கட்டி உள்நாட்டுக்கு உப்புக் கொண்டுவந்தார்கள். இப்போது பார்சல் சர்வீஸ். அரூர் ஆபீசில் போய் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் (காண்க: பார்சல் ரசீது, மடிப்பின் உட்புறம், ஒப்பிடுக: ஆட்டோக்காரர் கேட்ட கூலி).

டெலிவரி பற்றித் தலபுராணமும் பேசுகிறது. பூசைக்குக் கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் தாமதித்தான். ராமன் காத்திராமல் பாறையில் அம்பு விட, ராம தீர்த்தம் பெருகியது. பிந்தி வந்த அனுமன் கோபத்தில் வீசிய நீர் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமந்த தீர்த்தமானது. சரக்கு வருவதற்குள் வாங்குபவர் வேறு ஏற்பாடு செய்துகொண்ட பழைய வழக்கு இது. ஆக்சிஜன் பிடித்த பையில், தெர்மாகோல் பெட்டியில் மீனை எதிர்பார்த்து நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

வெயில் காலத்தில் தொட்டி வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பும் கடனும் அங்கேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீர் விட்டால் கெட்டது. தொட்டிக்காரர் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் வைத்து, மூடியை அழுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35-ல் நின்றால் அன்று வீட்டில் அமைதி. கால்சியத்துக்கு வேறு சோதனை: ரோஜா நிறத் தண்ணீர் நீலமாகும்வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட வேண்டும். முடிவு தினசரிக் காலண்டரில் பதிவாகிறது (மூலம்: ராகுகாலத்துக்கு மேல், பென்சில் குறிப்பு. அதே இடத்தில் பால் கணக்கும் எழுதப்பட்டிருப்பதால் 420 என்பது கால்சியமா, பால் பாக்கியா என்பதில் பாடபேதம் உண்டு. கால்சியமே எனக் கொள்ளும் பதிப்பாசிரியரும் பால் பாக்கியே எனக் கொள்ளும் பதிப்பாசிரியரும் ஒரே துறையில் அடுத்தடுத்த அறைகளில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், இருவரும் காலண்டரைப் பார்த்ததில்லை).

கருப்பொருள். தெய்வம் வருணன், நடைமுறையில் இன்வெர்ட்டர். பறவை இல்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது இன்வெர்ட்டரும் கைவிட்டது. பம்பு நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 1846-ல் டார்க்கீ கடற்கரையிலிருந்து லண்டனுக்குப் பவளம் கொண்டுபோன அன்னா தின் என்ற பெண்மணிக்கும் இதே கவலை. பம்பு இல்லாத காலம். வேலைக்காரப் பெண் தினமும் அரை மணிக்குமேல் ஜன்னலோரம் நின்று, டீ மாஸ்டர் ஆற்றுவது போல, கடல் நீரைப் பாத்திரம் மாற்றி ஆற்ற வேண்டியிருந்தது. பவளத்தை உயிரோடு வைத்த பெருமை வரலாற்றில் எஜமானிக்கு. முனைவர் பட்டத்துக்கும் இதே வழக்கந்தான்.

மீன்களில் நீமோ என்று குழந்தைகள் கூப்பிடும் கோமாளி மீன் முதன்மையானது. ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் இதைப் பொரிப்பகத்திலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். கடலில் பிடிக்கத் தேவையில்லை. கல் பவளம் வேறு விஷயம். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டு உடைத்து வந்தால் ஜெயில்.

உரிப்பொருள் இரங்கல். புதுத் தொட்டியில் கல்லும் நீரும் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் மீன் விடாமல் காத்திருக்க வேண்டும். பாக்டீரியா பெருகி அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் காலம் அது. அந்த ஆறு வாரமும் தொட்டிக்காரர் நாற்காலி போட்டு, ஒன்றுமே இல்லாத தண்ணீரை ராத்திரி பதினொரு மணிவரை பார்க்கிறார். பழுப்புப் பாசி படிந்தால் போன் போட்டு மச்சானுக்குச் சொல்கிறார். கல்லிடுக்கில் டார்ச் அடித்து, முள்புழு ஒன்று தலைநீட்டியதைக் கண்டால் தூக்கம் போயிற்று. ஆக, ஈர்ப்பு மீனில் இல்லை. உரைகாரருக்கு மூலச் செய்யுள் எதற்கோ அதற்குத்தான் இவருக்கு மீன்: கீழே எழுதிக்கொண்டே போக மேலே ஏதாவது வேண்டும். ஒரு குறையைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கிறது, அதற்கு ஒரு பாட்டில் வருகிறது, அந்தப் பாட்டிலுக்கு ஒரு டெஸ்ட் கிட் வருகிறது.

200 லிட்டர் தொட்டி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து கால் டன்னைத் தாண்டும். தொட்டிக்காரர் அடுத்து 500 லிட்டருக்கு மாடியில் இடம் அளந்துகொண்டிருக்கிறார். இது பற்றி வீட்டு ஓனரின் விரிவான மறுப்புரை ‘வாடகை உயர்வு’ என்ற தலைப்பில் ஒன்றாம் தேதி வெளியாகிறது.