பழைய ஆறு சிலிண்டர் பிளசருக்கு டர்போ பொருத்துதல்: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

என்ஜின் கழித்துவிடும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிப்பது டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காருக்கு இது வந்து சேர 1962 ஆயிற்று. அவ்வாண்டு டர்போவோடு விற்பனைக்கு வந்த ஷெவர்லே கோர்வேருக்கு ஆறு சிலிண்டர். ஆக, ஜாதகப் பொருத்தம் அப்போதே பார்த்தாயிற்று.

திருவனந்தபுரத்தின் பழைய கேஎல்டி எண்பலகை தாங்கிய, 1940-களின் பிளைமவுத் பிளசர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் என்ஜின் 3.6 லிட்டர், 95 குதிரைத்திறன். அமுக்க விகிதம் ஏழுக்கும் கீழே. இன்றைய கண்ணுக்கு இது குறை. டர்போவுக்கோ இதுவே வரம். ஏற்கெனவே அமுக்கிய காற்றை சிலிண்டரும் அளவுக்கு மீறி அமுக்கினால் சூடேறி, பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து என்ஜின் 'நாக்' அடிக்கும். விகிதம் குறைவாக இருந்தால் அதற்குள் கொஞ்சம் இடமிருக்கிறது. 0.4 பார் அழுத்தம் கூட்டினால் காகிதத்தில் 133 குதிரைகள். காகிதத்துக்கு வெளியே சில குதிரைகள் வெப்பமாகிப் போகும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அழுத்தத்தோடு வரும் ஆயில்மேல் மிதந்தால்தான் பிழைக்கும். அக்கால ஷெவர்லேயின் ஆறு சிலிண்டர் என்ஜினோ, கனெக்டிங் ராடுகளுக்கு ஆயிலைத் தெளித்தே காலம் தள்ளியது. பிளைமவுத்தில் அழுத்தம் உண்டு. தேர்வில் அது வென்றது இதனால்தான்; அழகால் அன்று.

இனி, ஓட்டிப் பார்க்கும் இடம். புகை பெருகினால்தான் டர்போ விழிக்கும். கிழக்கேகோட்டை நெரிசலில் அது விழிக்க வாய்ப்பே இல்லை. கவடியார் சாலை அகலந்தான், சிக்னல் இருக்கிறது. பொன்முடி சுமார் 1,100 மீட்டர் உயரம். மெலிந்த காற்றை ஈடுகட்டுவது டர்போவின் பழைய தொழில். அமெரிக்காவில் 1918-இல் 4,300 மீட்டர் உயரப் பைக்ஸ் சிகரத்திலேயே அது சோதிக்கப்பட்டது. ஆனால் பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள்; வளைவுக்கு வளைவு டர்போ உறங்கிவிடும். நீண்ட நேர்பாதை ஒன்றுண்டு: விமான நிலையத்தின் சுமார் 3,400 மீட்டர் ஓடுபாதை. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலத்துக்காக ஆண்டுக்கு இருமுறை அங்கே விமானப் போக்குவரத்து நிறுத்தப்படும். ஆயினும் அன்று அவ்வழியே போகும் அரச குடும்பத் தலைவரும் யானையும் நடந்தே செல்கின்றனர்.

எஞ்சியது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சில விலக்குகள் போக, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களை மாற்ற இடந்தருவதில்லை. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. தயாரிப்பாளரையே கேட்டுவிடலாம் என்றால், பிளைமவுத் என்ற பெயர் 2001-இலேயே கைவிடப்பட்டது.