ஆறு ஸ்போக் போதும்!

கேள்வி: ஃபோர்ஜ்டு வீல் என்றதும் கார் பிரியர்கள் ஜப்பானின் டிஇ37-ஐயே கொண்டாடுகிறார்களே, அதில் இருப்பது வெறும் ஆறு ஸ்போக்தானே?

பதில்: ஏழாவதுக்கு அங்கே வேலையில்லை, அதுதான் அழகு! ரேய்ஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த வீல் இது. பெயரிலுள்ள 37, அதன் 15 அங்குல வீலின் எடையைச் சொல்கிறது: 3.7 கிலோ. எடையை ஜாதகத்திலேயே எழுதிக்கொண்டு பிறந்த பிள்ளை! அலுமினியத்தை உருக்கி வார்க்காமல், கட்டியாகச் சூடாக்கி ராட்சத பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள்; ஃபோர்ஜ்டு என்பது இதுதான். உலோகம் இறுகுவதால் ஒல்லியான ஸ்போக்கே பாரம் தாங்கும். வீல் எடை குறைந்தால், மேடுபள்ளத்திலும் டயர் சாலையைவிட்டு எளிதில் எழும்பாது. நிறம்? என் ஓட்டு வெண்கலத்துக்கே. இதே தோற்றத்தில் வார்ப்பு நகல்கள் மலிவாக வரும், தயவுசெய்து மாட்டாதீர்கள்.