மனு அடிக்க எத்தனை ஜிபி?

பெரம்பலூர் மாவட்டமும் விண்டோஸ் 95-உம் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஒன்று திருச்சியிலிருந்து பிரிந்தது, மற்றது அமெரிக்காவிலிருந்து வந்தது. புது மாவட்டம் என்றால் புது கலெக்டர் ஆபீஸ். கலெக்டர் ஆபீஸ் என்றால் மனு. மனு என்றால் அதை டைப் அடிக்க ஒரு ஆள். அரியலூரில் என் டிடிபி கடை பிழைத்துக் கிடப்பது இந்தக் கணக்கில்தான்.

இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் பற்றி அரியலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2001 ஜனவரியில் எங்களைத் தனி மாவட்டமாக இன்ஸ்டால் செய்தார்கள். 2002 மார்ச்சில் அன்இன்ஸ்டால் செய்து பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி இன்ஸ்டால். ஒவ்வொரு தடவையும் லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, பெயர்ப்பலகை எல்லாம் மாறின. ஊரே குழம்பிக் கிடக்க, டிடிபிக்காரர்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தோம்.

விண்டோஸும் சும்மா இருக்கவில்லை. 95-க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி ராம் போதும். 2001இல் வந்த எக்ஸ்பிக்கு 64, 2007இல் வந்த விஸ்டாவுக்கு 512. 2021இல் வந்த விண்டோஸ் 11, 4 ஜிபிக்குக் குறைந்தால் வாசலையே மிதிக்காது. கூடவே டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் வேண்டும் என்று சம்பந்தி வீட்டுச் சீர்வரிசைப் பட்டியல். 4 எம்பி எங்கே, 4 ஜிபி எங்கே? 1024 மடங்கு!

மனு மட்டும் வளரவில்லை. அன்றைக்கும் ஒரு பக்கம், இன்றைக்கும் ஒரு பக்கம். “பொருள்: பட்டா மாறுதல் வேண்டி” என்று தொடங்கி, “இப்படிக்கு” என்று முடியும். நான் அதை அடிக்கும் பேஜ்மேக்கர் 7, அரியலூர் முதல்முறை மாவட்டமான அதே 2001இல் வந்தது. அதை இன்னும் யாரும் கலைக்கவில்லை.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்றதும் சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டேன். சிமெண்ட் லாரி ஓடும் சாலையில் கடை. சிபியூவைத் திறந்தவன் முதலில் தும்மினான்.

“அண்ணே, இதுல பதினொண்ணு ஏறாது.”

“ஏம்ப்பா, நல்லாத்தானே ஓடுது?”

“ஓடுதுண்ணே. ஆனா தகுதி இல்ல.”

“அவ்வளவு மெமரியும் எங்கதான்ப்பா போகுது?”

“கண்ணுக்குத் தெரியாம பின்னாடி நூறு வேலை ஓடும்ணே.”

“எனக்கு முன்னாடி ஒரு வேலை ஓடினா போதும்ப்பா.”

பீரோ மேலிருந்து மகளின் பள்ளிக்கூட லேப்டாப்பையும் இறக்கிக் காட்டினேன். 2011இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் உண்டு. அன்றைக்குத் தெருவே திரண்டு வந்து பார்த்த பொருள். தம்பி தட்டிப் பார்த்துவிட்டு, “இத சாத்தனூர் கல்மரத்துப் பக்கத்துல வெச்சிடலாம்ணே” என்றான். அந்த மரத்துக்கு வயது சுமார் 12 கோடி ஆண்டு. லேப்டாப்புக்குப் பதினாலு.

“லினக்ஸ் போட்டா ரெண்டும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ணே. ஆனா பேஜ்மேக்கர் அதுல நேரடியா வராது.”

பேஜ்மேக்கர் இல்லாத டிடிபி கடைக்கு ஜெராக்ஸ் கடை என்று பெயர். வேறு வழியில்லாமல் புது மெஷின் வாங்கினேன். கேட்டது 4 ஜிபிதான்; “அது உள்ள நுழையறதுக்கு மட்டும்ணே, உக்காரணும்னா எட்டு வேணும்” என்று 8 ஜிபியாகத் தலையில் கட்டினான் தம்பி.

முதல் நாளே அப்டேட். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மனு அடிக்க வந்த பெரியவர், உடையார்பாளையம் பக்கம், ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி கேக்குது அது?”

“மெமரி தாத்தா. நாலு ஜிபி கேட்டுச்சு, எட்டா குடுத்திருக்கேன்.”

பெரியவர் பையிலிருந்து பழைய மனுக்களின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். திருச்சி கலெக்டருக்கு ஒன்று, பெரம்பலூர் கலெக்டருக்கு நாலைந்து, அரியலூர் கலெக்டருக்கு ஒரு கத்தை.

“அது நாலு கேட்டா எட்டு குடுக்குறீங்க. நான் என் நாலு சென்ட்டுக்குப் பட்டாதான்யா கேக்குறேன், மூணு மாவட்டமா!”