இப்பத்தானுங் கழுவுனேன்

பாத்ரூம் கழுவுகிறவர்களில் பல ரகம் உண்டு. சம்பந்தி வீட்டார் வருவதாக போன் வந்தால் மட்டும் பிரஷ்ஷைத் தேடுகிறவர்கள் ஒரு ரகம். அழுக்கைத் தொடாமல் அதன் தலையில் பினாயிலைத் தெளித்துவிட்டு, வாசனை வந்துவிட்டது, ஆகவே சுத்தமும் வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னொரு ரகம். வாசலில் நின்றபடி "அந்த மூலை, அந்த மூலை" என்று கை நீட்டுகிற மேஸ்திரிகளும் உண்டு; இவர்கள் கால் நனைந்ததாகச் சரித்திரம் இல்லை. இவர்களால் வீட்டுக்கு ஆபத்து எதுவும் கிடையாது.

ஆபத்தானவர் வேறு. அவர் நிஜமாகவே கழுவுவார். பிரமாதமாகக் கழுவுவார். கழுவி முடித்த பிறகு ஒருவரையும் உள்ளே விட மாட்டார்.

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, சாயம் போன லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு புறப்படுவார். எனக்கு வாய்த்தவர் என் மாமனார்.

கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். மெஷினில் ஒட்டிய பஞ்சைத் துடைக்காமல் ஒரு நாளும் ஷிப்ட் மாற்றியதில்லை என்பார். அதைவிட முக்கியம், அவர் சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவர். உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் அது என்று கோயம்புத்தூர்க்காரர்கள் சொல்வார்கள். முதலாவது எது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் தண்ணீரில் குளித்தவர், மூன்று வருஷத்துக்கு முன் சென்னைக்குத் தெற்கே புறநகரில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மகளோடு இருக்க வந்து, முதல் நாள் காலையில் பாத்ரூம் குழாயைத் திறந்தார். போர் தண்ணீர். சோப்பு நுரைக்கவில்லை, பால் திரிகிற மாதிரி திரிந்தது. குழாயின் மூக்கில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஷவரில் பாதிக் கண் அடைத்து, மீதிக் கண்களிலிருந்து தண்ணீர் திசைக்கொன்றாகப் பீய்ச்சியது. தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர் கேட்டார்: "ஏனுங் மாப்ள, இதுல எத்தனை வருசமாக் குளிக்கறீங்?"

அன்றைக்கே ஹார்டுவேர் கடைக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் பாத்ரூம் என்பது பார்க்கிற பொருளாகிவிட்டது.

கழுவுகிற வித்தையில் மனிதர் அசகாய சூரர். அதை மறுத்தால் எனக்குத்தான் பாவம். நானெல்லாம் கிளாசெட்டில் கிளீனரைப் பிழிந்த கையோடு பிரஷ்ஷைப் போட்டு ஒரு சுற்று சுற்றித் தண்ணீர் ஊற்றிவிடுகிற ஆள். அவர் அதைப் பார்த்தபோது, சாம்பாரை அடுப்பில் வைத்த உடனே இறக்குகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முதலில் உள்ளே தேங்கி நிற்கும் தண்ணீரைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி அந்தப் பக்கம் தள்ள வேண்டும். தண்ணீர் நிறைய நின்றால் மருந்து நீர்த்துப்போகும். பிறகு மேல் விளிம்பின் அடிப்பக்கத்தில் சுற்றிலும் விட வேண்டும். அப்புறம் இருபது நிமிஷம் யாரும் தொடக் கூடாது. அந்த இருபது நிமிஷமும் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு தினசரி படிப்பார். படிப்பது பாவனை, இருப்பது காவல்.

ஊறியதும் அடுத்த கட்டம். எங்கள் வீட்டிலிருந்த என் ஷேவிங் கண்ணாடியைக் காணோம் என்று ஒரு வாரம் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. மாமனார் தரையில் குத்தவைத்து, கண்ணாடியைக் கிளாசெட்டுக்குள் சாய்த்துப் பிடித்து, இன்னொரு கையில் செல்போன் டார்ச்சோடு, விளிம்புக்கு அடியிலிருக்கும் ஓட்டைகளைப் பல் டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பாருங் மாப்ள, ஏழாவது ஓட்டை அடைச்சிருக்குது. அதான் இந்தப் பக்கம் மட்டும் தண்ணி சரியா எறங்க மாட்டேங்குது." குனிந்து பார்த்தேன். ஏழாவது ஓட்டை அடைத்துத்தான் இருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் குடைந்தார். எங்கள் வீட்டில் டூத் பிரஷ்ஷுக்குப் பல்லில் மூன்று மாசம், பாத்ரூமில் மூன்று வருஷம் சர்வீஸ். யாருடைய பிரஷ் எந்த இடுக்குக்கு என்று கணக்கு வைத்திருக்கிறார். என்னுடையது டைல்ஸ் மூலைக்கு. அழுத்தித் தேய்த்தே தலை விரிந்துபோவதால் அதற்குத்தான் லாயக்காம்.

கிளாசெட்டின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மஞ்சள் கோடு இருந்தது. நானும் என் மனைவியும் வருஷக்கணக்காக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். மாமனார் அதைத் தேய்க்கவே இல்லை. ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். வாஷர் போயிருந்தது. உப்புத் தண்ணீர் ராத்திரி பகலாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தடம்தான் அந்தக் கோடு. வாஷரை மாற்றி ஒரு கழுவு கழுவினார், அதோடு கோடு திரும்பி வரவில்லை. ஷவருக்கு வேறு வைத்தியம். பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் தலை முழுகும்படி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிட்டார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் லைட்டைப் போட்ட நான், பாத்ரூமுக்கு யாரோ குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் பையை அவிழ்த்தால் ஷவர் மழையாகக் கொட்டியது.

ஆசிட் விஷயத்தில்தான் இந்த ரகத்து ஆட்களைக் கவனமாகக் கையாள வேண்டும். குழாயில் படிகிற வெள்ளை உப்பில் முக்கால்வாசி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கு உறவுக்காரன். ஆசிட் பட்டால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் புஸ்ஸென்று நுரைக்கும். அந்த நுரையைப் பார்த்தால் இவர்களுக்கு ஒரு போதை. ஆனால் மொசைக் தரையில் பதிந்திருக்கும் பளிங்குச் சில்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். என் மச்சான் ஒருமுறை மொசைக் தரையில் ஆசிட்டை ஊற்றி, "நுரைக்குது பார், அழுக்கு போகுது" என்று பரவசப்பட்டார். போனது அழுக்கு மட்டுமில்லை, தரையும்தான். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் பாதம் தேய்க்கத் தனியாகக் கல் வாங்குவதில்லை. நின்று குளித்தாலே போதும்.

மாமனார் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அதைவிடப் பெரியதாக ஒன்று செய்தார். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவைத்தவர், அது ஊறுகிற நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று கிளாசெட்டில் ஆசிட் கிளீனரை ஊற்றினார். அதில் கொஞ்சம் தரையில் சிந்தியது. பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ரே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே சரக்கு. அவர்களுக்கு அதற்கு ஆயிரக்கணக்கில் சிலிண்டர் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் ஒரு மக் போதுமானதாக இருந்தது. இருமிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வெளியே வந்தார். நான் ஜன்னல்களைத் திறந்து ஃபேனைப் போட்டேன். அத்தை தண்ணீரும் கையுமாக ஓடி வந்தார். மூச்சு திரும்பியதும் மாமனார் சொன்ன முதல் வார்த்தை: "ஆரும் உள்ள போகாதீங்." எங்கள் நலனுக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்தேன். அடுத்து சொன்னார்: "தரை இப்பத்தான் நல்லா வெளுத்திருக்குது."

இனி தரைக்கு வருவோம். மாமனாருக்குக் கழுவுவதோடு வேலை முடிவதில்லை. வைப்பரால் தண்ணீரைத் தள்ளி, பழைய துண்டால் துடைத்து, ஃபேனைப் பாத்ரூம் பக்கம் திருப்பிவிட்டுத் தரையை உலர்த்துவார். உலர்ந்த தரையில் யாராவது கால் வைத்துவிட்டால் போலீஸ் நாய் தோற்றது. "இது கொழந்தை கால் இல்லீங். கட்டை வெரலுக்கு அடுத்த வெரல் நீளமா இருக்குது பாருங்." எங்கள் வீட்டில் அப்படி விரல் உள்ளவன் நான் ஒருவன்தான். இருந்தாலும் என் பெயரைச் சொல்ல மாட்டார். மாப்பிள்ளை இல்லையா.

அங்கேதான் அவருக்கும் எனக்கும் இருக்கிற சிக்கல். பேரனை அதட்டலாம். மகளைத் தடுக்கலாம். அத்தையிடம் "இப்பத்தான கழுவுனேன், செத்த பொறு" என்று சொல்லலாம். வீட்டுக் கடனுக்கு மாசத் தவணை கட்டுகிற மாப்பிள்ளையிடம் பாத்ரூம் போகாதே என்று எந்த வாயால் சொல்வார்? ஆகவே கேள்வியாகக் கேட்பார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வருவதைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பார். மரியாதைக்கு எழுகிறாரா, வழியை மறிக்கிறாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"போறீங்ளா மாப்ள?"

"ஆமாம் மாமா."

"போங் போங். இப்பத்தானுங் கழுவுனேன்." ஒரு சின்ன இடைவெளி. "ரொம்ப அவசரமுங்ளா?"

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? ஆமாம் என்றால் வெட்கக்கேடு. இல்லை என்றால் திரும்பிப் போக வேண்டும். நான் பலமுறை திரும்பிப் போயிருக்கிறேன்.

அத்தை மட்டும்தான் அவரை மடக்குவார். ஒருநாள் மாமனார் உற்சாகத்தில் காந்தியைத் துணைக்கு அழைத்தார். "காந்தியே கழுவுனவருதானுங். 1901-ல கல்கத்தா காங்கிரசுக்குப் போனப்ப கக்கூசு நாறிக் கெடந்துச்சு. வெளக்கமாத்தைக் கேட்டு வாங்கி அவரே கழுவுனாரு." தகவல் சரிதான், 'சத்திய சோதனை'யில் இருக்கிறது. அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவரு, தான் போறதுக்காகக் கழுவுனாரு. நீங்க ஒருத்தரும் போகக்கூடாதுன்னு கழுவறீங்."

மாமனார் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் ஏழாவது ஓட்டையைப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்ற மே மாதம் ஒரு மாசம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தோம். கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம். எலி செத்திருக்கும் என்று நான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். மாமனார் நேரே பாத்ரூமுக்குப் போய்த் தரை ஜல்லடையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் நாற்றம் அடங்கிவிட்டது. கீழே இருக்கிற கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடைக் காற்றை மேலே விடாமல் தடுப்பது அதுதான், ஒரு மாசத்தில் வற்றிப்போயிருக்கிறது, அவ்வளவே. கிளாசெட்டுக்கு அடியில் குழாய் வளைந்து போவதும் இதே காரணத்துக்குத்தான். 1775-ல் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங் லண்டனில் கடிகாரம் செய்கிறவர் என்று நான் ஒருநாள் சொன்னேன். மாமனார் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிசின்காரனுக்குத்தானுங் புத்தி வேலை செய்யும்" என்றார்.

நெடுநாளாக எனக்கு ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களில் யார் எப்போது உள்ளே போகிறோம் என்பதற்கு அவரிடம் கணக்கு உண்டு. அவர் போய் நான் பார்த்ததே இல்லை. மனிதர்தானே? சென்ற வாரம் பால் வாங்கக் கீழே போனபோது விடை கிடைத்தது. கார் நிறுத்துமிடத்தின் மூலையில் வாட்ச்மேனுக்காகக் கட்டிய ஒரு கக்கூஸ் இருக்கிறது. அதிலிருந்து மாமனார் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டு, "மேல கழுவி வெச்சிருக்குதுங்" என்றார், ஏதோ மேலே சாமிக்குப் படைத்து வைத்திருப்பது போல.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கக்கூஸின் நிலைமை அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வாளி, பிரஷ், என் ஷேவிங் கண்ணாடி சகிதம் ஆறு மணிக்கே கீழே இறங்கிவிட்டார். ஏழேமுக்காலுக்கு காலிங் பெல் அடித்தது. திறந்தால் வாட்ச்மேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க பாத்ரூம கொஞ்சம் யூஸ் பண்ணிக்கட்டுமா? கீழ பெரியவரு ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாரு. போகாதன்னு சொல்லல சார். ரொம்ப அவசரமான்னுதான் கேக்குறாரு."