மில்லிமீட்டர்க்காரர்

கம்ப்யூட்டர் கேபினட்டுக்கு இரண்டு ஃபேன் வாங்கலாமென்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், "ஃபில்டர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். இருக்கிறது என்றால் அன்றைய பொழுது போயிற்று. தூசி ஃபில்டர் காற்றை மறிக்கும், மறிப்பதை மீறித் தள்ள ஸ்டேட்டிக் பிரஷர் வேண்டும், ஆகவே காற்றோட்டத்தைச் சொல்லும் சி.எஃப்.எம். எண்ணைப் பார்த்து ஏமாறாதே, மில்லிமீட்டர் நீரழுத்தத்தைப் பார் என்று பாடம் தொடங்கும். ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் பழுப்பு நிற ஃபேன் ஒன்று 2.34 மில்லிமீட்டர், அதைவிட மிகவும் மலிவான ஆர்க்டிக் பி12 ஃபேன் 2.2 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையிலுள்ள 0.14 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தையே ஓட்டிவிடுவார். குடியிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தபோது மோட்டாரில் தண்ணீர் ஏறுமா என்றுகூடக் கேட்காதவர் இவர். கலர் லைட் எரியும் ஃபேன்களின் மேல் இவருக்குள்ள வெறுப்பையும், தெர்மல் பேஸ்ட் பற்றிய கொள்கைகளையும் இங்கே விட்டுவிடுகிறேன், மில்லிமீட்டரே போதும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஃபேன் தள்ளும் காற்று ஒரு துளியும் வெளியேறாதபடி வழியை முழுக்க அடைத்துவிட்டு, முழு வேகத்தில் ஓடவிட்டால் கிடைக்கும் உச்ச அழுத்தம் அது. சி.எஃப்.எம். எண் இதற்கு நேர் எதிர்; முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில் ஓடும்போது கிடைக்கும் உச்ச ஓட்டம். எந்தக் கேபினட்டும் இந்த இரண்டு முனைகளிலும் இல்லை. நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த நடுவைக் காட்டும் வளைகோட்டைப் பல நிறுவனங்கள் வரைந்தே கொடுக்கின்றன. இவரும் அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் கோட்டை வைத்து அடுத்தவரிடம் பெருமையடிக்க முடியாது, எண்ணை வைத்து முடியும். சரி, அந்த 2.34 மில்லிமீட்டர்தான் எவ்வளவு பெரிய விஷயம்? இளநீரை ஸ்ட்ராவில் பத்து சென்டிமீட்டர் உயரம் உறிஞ்சும் குழந்தையின் வாய் 100 மில்லிமீட்டர் நீரழுத்தத்தைச் சமாளிக்கிறது, அதாவது நம்மவர் கொண்டாடும் ஃபேனைப்போல் நாற்பது மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு, சத்தம் வரக்கூடாதென்று அந்த ஃபேனை 800 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஓடவே விடமாட்டார். வேகம் குறைந்தால் காற்றோட்டம் அதே விகிதத்தில் குறையும், அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தில் குறையும். 2000 சுற்றில் 2.34 தரும் ஃபேன் 800 சுற்றில் கணக்குப்படி 0.37தான் தரும். 1800 சுற்றில் 2.2 தரும் மலிவு ஃபேனோ, அதே 800 சுற்றில் 0.43 தர வேண்டும்! அளந்த இடம் வேறு வேறு என்பதால் இதை வைத்து அடுத்த சண்டையைத் தொடங்க வேண்டாம். ஆனால் ஒரு மழைக்காலம் எதற்காகப் போயிற்று என்று கேட்கலாம்.

அப்படியானால் ஸ்டேட்டிக் பிரஷரே வெறும் விளம்பரமா என்று ஒருவர் கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நெருக்கமான நைலான் வலைக்குப் பின்னால் வைக்கும் ஃபேனுக்குத் தள்ளும் திறன் வேண்டும். திறந்த வெளிக்கென்றே வடிவமைத்த ஃபேன் அங்கே திணறும். இந்த மட்டில் அவர் கட்சி நியாயமானது. அழுத்தத்துக்கென வடிவமைத்த 120 மில்லிமீட்டர் அகல ஃபேனாகப் பார்த்து, இடமிருந்தால் 140 ஆக, வாங்கினால் விஷயம் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. அதற்கப்புறம் வித்தியாசத்தைத் தீர்மானிப்பது ஃபேன் அல்ல, ஃபில்டரில் அப்பியிருக்கும் அழுக்கு. தெருப்புழுதி, தலைமுடி, போர்வைப் பஞ்சு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளமே நெய்துவிடும். விரலால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வரும். இவர் கேபினட்டின் முன்பக்கத்தைக் கழற்றினால் அதைத்தான் பார்க்கலாம். ஏனென்றால், ஃபில்டருக்காக இவ்வளவு ஆராய்ந்து ஃபேன் வாங்கும் மனிதர் அந்த ஃபில்டரைக் கழுவுவதே இல்லை. வழியை முழுக்க அடைத்தால் கிடைக்கும் எண் என்றேனே, ஊரில் யாருக்கும் பொருந்தாத அந்த ஆய்வக நிலைமையை வீட்டிலேயே உருவாக்கிவிடக்கூடியவர் இவர் ஒருவர்தான். அந்த வகையில் கொடுத்த காசுக்கு முழுப் பயனையும் பெறுகிறார்.

இவர் சொல்லும் பாசிட்டிவ் பிரஷர் கதையும் இங்கேதான் கவிழ்கிறது. முன்னால் மூன்று ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, உள்ளே மிஞ்சும் காற்று இடுக்குகள் வழியாக வெளியேறும். ஃபில்டர் இல்லாத இடுக்கில் தூசி நுழையாது. நல்ல யோசனை, தப்பே சொல்ல முடியாது. ஆனால் இவர் காகிதத்தில் கூட்டிய சி.எஃப்.எம். எல்லாம் ஃபில்டரே இல்லாத ஃபேனுடையது. முன்பக்கம் அடைக்க அடைக்க உள்ளே வரும் காற்று குறையும். பின்னாலிருக்கும் ஒற்றை ஃபேனுக்கு எந்தத் தடையும் இல்லை, அது பாட்டுக்குத் தள்ளும். ஒரு நாள் கணக்கு தலைகீழாகி, கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழேயுள்ள இடுக்குகளெல்லாம் உறிஞ்சத் தொடங்கிவிடும். சந்தேகமிருந்தால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த இடுக்கருகே பிடித்துப் பாருங்கள்: புகை விலகி ஓடினால் பாசிட்டிவ், உள்ளே போனால் நெகட்டிவ். இவரும் பார்ப்பார். புகை உள்ளே போவதைக் கண்டதும் "ஃபேன் பத்தலை" என்று தீர்ப்பளித்து, அடுத்த மாடலின் மில்லிமீட்டரைத் தேட உட்கார்ந்துவிடுவார்.

ஃபில்டரைக் கழுவாததில் இவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பல கேபினட்டுகளில் பவர் சப்ளைக்கு அடியிலுள்ள ஃபில்டரைப் பின்பக்கமாகத்தான் உருவ முடியும். அதற்கு மேசையடியில் தவழ்ந்துபோய், எல்லா வயரையும் பிடுங்கி, கேபினட்டைச் சுவரிலிருந்து நகர்த்தியாக வேண்டும். இப்படி வடிவமைத்தவர்கள் எவரும் தங்கள் கேபினட்டைத் தாங்களே சுத்தம் செய்திருக்க மாட்டார்கள். முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ உருவக்கூடிய ஃபில்டர், இல்லாவிட்டால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஃபில்டர், இதைக் கேபினட் வாங்கும் நாளிலேயே பார்த்து வாங்க வேண்டும். இவர் பார்க்கவில்லை, அன்றைக்கும் மில்லிமீட்டர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் காசை இவர் செலவழிக்கிறார், உமக்கென்ன என்று கேட்கலாம். இவரோடு நின்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கல்லூரிப் பையன் ஒருவன் நம்பி யோசனை கேட்பான். கேட்காமல் இருந்தால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சாதாரண ஃபேனோடு அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்திருப்பான். இவரோ, "பொறுடா தம்பி, புது மாடல் வருது" என்று அவனை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, கடைசியில் ரேமுக்கு வைத்திருந்த பணத்தையும் ஃபேனில் போட வைப்பார். அது சிரிப்பு அல்ல, அநியாயம். எனவே தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஃபேன் விஷயமாக இவரிடம் போனால், "சார், உங்க ஃபில்டரைக் கடைசியா எப்போ கழுவினீங்க?" என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை பர்ஸைத் திறக்க வேண்டாம். அதற்குள் உங்கள் வீட்டு ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் பிடித்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து மாட்டிவிடலாம்.